கன்னிமூலைக் கதவு

எங்கள் தொழில் சங்கத்து ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று வந்து நின்றாள், ஒரு காலத்தில் என்னிடம் வேலை பழகிய பெண். இப்போது சொந்தமாக அலுவலகம் வைத்திருக்கிறாள். கைப்பேசியைத் திறந்து படம் படமாகத் தள்ளிக் காட்டினாள். எல்லாம் பட்டணத்து வீடுகளின் குட்டித் தோட்டங்கள். வெயிலில் சோபா, தரையில் கம்பளம், மரத்தில் தொங்கும் விளக்கு, சுவர் முழுக்கக் கண்ணாடிக் கதவு. "இப்ப எல்லாரும் வெளிய ஒரு ரூம் கேக்கறாங்க மேடம். இந்த ஊர்ல மொதல்ல அதச் செஞ்சது நீங்களும் மாரப்பன் சாரும்தானுங்க. அதப் பத்தி எழுதிக் குடுங்க" என்றாள்.

எழுதுகிறேன். ஆனால் அவள் எதிர்பார்க்கிற பெருமை இதில் இருக்காது. நாங்கள் செய்தவற்றிலேயே ஆக நல்லது எதுவோ, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை. மலரில் போட மனமில்லை என்றால் திருப்பித் தந்துவிடட்டும்.

நான் படித்தது தோட்டக்கலை. ரோஜாவில் மொட்டுக் கட்டுவது, மண்ணைச் சோதிப்பது, மாவுப்பூச்சிக்கு என்ன மருந்து அடிப்பது, எல்லாம் சொல்லித் தந்தார்கள். மனுஷன் தோட்டத்துக்குள் போய் என்ன செய்வான் என்று மட்டும் ஒரு வகுப்பிலும் சொல்லவில்லை. படிப்பு முடிந்து மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு நாற்றுப் பண்ணையில் பாலித்தீன் பைகளுக்கு நடுவே சில காலம் கழிந்தது. பிறகு தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வடகோவையில் மாடிப்படிக்கு மேலே ஒற்றை அறையில் இருந்த மாரப்பன் சாரின் அலுவலகத்தில் சேர்ந்தேன். சாருக்கு அப்போதே அறுபதை ஒட்டிய வயது. மலையில் தேயிலை எஸ்டேட் பங்களாக்களின் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கீழே இறங்கி வந்தவர்.

அவர் வேலை செய்கிற விதமே தனி. காலி இடத்தைப் பார்க்கப் போனால் கையில் டேப்பும் இருக்காது, செடிப் பட்டியலும் இருக்காது. ஒரு இரும்பு மடக்கு நாற்காலி இருக்கும். அதை இடத்தின் நடுவில் விரித்து, வீட்டுக்காரர்களை ஒவ்வொருவராக உட்காரச் சொல்வார். "நின்னு பாத்தா அது எடம்ங்க. உக்காந்து பாத்தாத்தான் ரூம்" என்பார். உட்கார்ந்தவர் கண்ணுக்குப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரிகிறதா, கழிவறை ஜன்னல் தெரிகிறதா, யார் வீட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள் என்பதையெல்லாம் அவர்கள் வாயாலேயே சொல்ல வைப்பார். காலையில் ஒரு முறை, உச்சி வெயிலில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை.

அதன் பிறகுதான் பென்சில். அதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் கதவு, அதாவது வீட்டுக்குள்ளிருந்து அந்த அறைக்கு எப்படி வருவது என்பது. அடுத்தது தளம். பிறகு சுவர்கள். அது கொடியாகவும் இருக்கலாம், மூங்கில் தட்டியாகவும் இருக்கலாம். பிறகு மேலே பாதி மூடி பாதி திறந்த கூரை, அது மரக்கிளையோ கம்பிப் பந்தலோ. செடி எல்லாவற்றுக்கும் கடைசி. "செடிங்கறது விருந்துக்கு வார ஒறம்பரைங்க. ஊட்டக் கட்டாம ஒறம்பரையக் கூப்பிட்டா எங்க உக்கார வெக்கறது?" என்பார். கதவு இல்லாத இடத்துக்கு என்ன அழகு செய்தாலும் அது வேடிக்கை பார்க்கிற பொருள்தான், புழங்குகிற அறை ஆகாது என்பது அவர் கட்சி.

மரியாதை விஷயத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அளவெடுக்கும்போது குறுக்கே படுத்திருக்கும் நாயிடம்கூட "கொஞ்சம் நவுந்துக்குங்க" என்றுதான் சொல்வார். வாடிக்கையாளர் என்ன சொன்னாலும் எதிர்த்து ஒரு சொல் வராது. சாருக்குப் பிடிக்காத யோசனையாக இருந்தால் "பாத்துக்கலாம்ங்க" என்பார். வெளியூர்க்காரர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் முகத்திலடித்த மாதிரி முடியாது என்று சொல்வது மரியாதைக் குறைவு. அதனால் பாத்துக்கலாம் என்போம். பெண் பார்க்க வந்தவர்கள் எழுந்து போகும்போது "பாத்துக்கலாம்ங்க" என்று சொன்னால், பெண் வீட்டார் அன்றைக்கே வேறு ஜாதகம் தேட ஆரம்பித்துவிடுவார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர், வேலையின் கடைசி வருஷங்களில் "முடியாதுங்க" என்று நேராகச் சொல்ல ஆரம்பித்தார். கேட்டவர்கள் எல்லாம் பெரியவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தார்கள். அது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வேலை எல்லாமே அழுகையாக இருந்ததில்லை. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டாக்டரம்மா வீட்டில் பின்பக்கத்து இடத்தை மூங்கிலும் ரங்கூன் மல்லியுமாக அத்தனை நுணுக்கமாகச் செய்து கொடுத்தோம். அடுத்த மாதம் போய்ப் பார்த்தால் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். கல் பெஞ்சில் வடகம் காய்ந்தது. எனக்கு அழாத குறை. மாரப்பன் சாருக்கோ பரம சந்தோஷம். "ரூமுன்னு ஒத்துக்கிட்டாங்க அம்மணி, அதான் புழங்கறாங்க" என்றார். டாக்டரம்மா எங்களுக்குக் காபி கொடுத்ததும் அந்த ஈரச் சேலைகளுக்கு நடுவில்தான்.

அந்த வருஷங்களில் ஊரில் வாஸ்து ஒரு காய்ச்சல் மாதிரி பரவியது. பஞ்சாலை சரிந்தாலும் வாஸ்து, பையன் பரீட்சையில் கோட்டை விட்டாலும் வாஸ்து. நாங்கள் வைத்த நீரூற்றை ஒரே வீட்டில் மூலைக்கு மூலை மாற்றி, கடைசியில் மண்ணைப் போட்டு மூடினார்கள். இதையெல்லாம் அலுவலகத்தில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் சிவசாமி வந்தார்.

சிவசாமிக்குக் கணபதியில் மோட்டார் பம்பு செய்கிற சின்னக் கம்பெனி. வீடு சாயிபாபா காலனியில். அலுவலகத்தில் வந்து உட்கார்ந்தவர் கையிலிருந்த சாவிக்கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி கோகிலா இரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்பெனிக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகிற வழியில் மொபெட்டிலிருந்து விழுந்து முதுகெலும்பு நொறுங்கிப் படுக்கையில் இருக்கிறார் என்றார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இடுப்புக்கு மேலே வலி மட்டும்தான் இருக்கிறது. "அவ ரூமுக்கு வெளிய தெக்கால கொஞ்சம் எடம் சும்மா கெடக்குதுங்க. அவளுக்காக அதுல ஒரு ரூம் மாதிரி செஞ்சு குடுங்க. மேல மட்டும் ஒண்ணும் வேண்டாமுன்னு சொல்றா" என்றார்.

மறுநாள் போனோம். கோகிலாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தலைமுடியைக் கழுத்தோடு கத்தரித்திருந்தார்கள். என்ன மாதிரி பூ வேண்டும் என்று வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"பூவெல்லாம் உங்க இஷ்டம்ங்க அக்கா. ரெண்டு வருசமா இந்த ஃபேனையே பாத்துட்டுக் கெடக்கறேன். ஃபேன் இல்லாத எதையாச்சும் பாக்கோணும். அவ்வளவுதானுங்க" என்றார்.

அறையை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். வீட்டின் தென்மேற்கு மூலை அறை அது. மேற்குச் சுவர் பக்கத்து வீட்டை ஒட்டியது. கிழக்கே குளியலறை. தெற்குச் சுவரில் உத்தரத்தை ஒட்டி ஒரு சின்ன ஜன்னல். அந்தச் சுவரின் நடுவில் மட்டும் வெள்ளைப்பூச்சு வேறு நிறமாக, ஆள் உயரத்துக்கு நீள்சதுரமாக இருந்தது. நான் பார்ப்பதைக் கோகிலா பார்த்துவிட்டார். "கதவு இருந்துதுங்க. எனக்கு இப்படி ஆனதுக்குப் பொறகு அடைச்சுப்போட்டாங்க" என்றார்.

கோகிலா விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது யாரோ சொல்லி ஒரு வாஸ்துக்காரர் வந்திருக்கிறார். தென்மேற்கைக் கன்னிமூலை என்பார்கள். அங்கே வாசல் இருந்தால் வீட்டுப் பெண்ணுக்கு ஆகாது, இத்தோடு போனதே பெரிய காரியம், உடனே அடையுங்கள், இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லிவிட்டார். சிவசாமி அன்றைக்கே செங்கல் இறக்கி அடைத்துவிட்டார். கோகிலா வீடு திரும்பியபோது அந்த வழி இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலைப் பகுதி பகுதியாகக் கொண்டுவந்து அறைக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருந்தார்கள். அது வடக்கே வீட்டுக்குள் போகிற கதவில் நுழையாது. நாலு பேர் போர்வையில் ஏந்தி ஒரு முறை முன்பக்கம் தூக்கிப் பார்த்தார்களாம். நடை திரும்புகிற இடத்தில் உடம்பு சற்று மடங்கியதில் வலி தாங்காமல் மயங்கிவிட்டார். இனி படுத்த மட்டத்தில் அப்படியே தள்ளிக்கொண்டு போனால்தான் உண்டு, தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முன்கூடத்துக்கே படுக்கையை மாற்றிவிடலாமே என்று கேட்டேன். வருகிறவர் போகிறவர் முன்னால் மலமும் மூத்திரமும் அள்ளுவதற்குக் கோகிலா சம்மதிக்கவில்லை.

ஆக, அந்தப் பெண் வானத்தைப் பார்க்க ஒரே வழி அந்த அடைத்த கதவு. வெளியே போனதும் மாரப்பன் சார் நாற்காலியை விரிக்கவில்லை. "உக்காந்து பாத்து என்ன பண்றதுங்க. படுத்துப் பாக்கோணும்" என்று சொல்லி, வாட்ச்மேனின் கயிற்றுக் கட்டிலை வாங்கிப் போட்டு, வேட்டியை இழுத்து விட்டுக்கொண்டு மல்லாக்கப் படுத்துவிட்டார். பிறகு என்னையும் படுக்கச் சொன்னார்.

படுத்துப் பார்த்தால் நாங்கள் அதுவரை பழகிய கணக்கெல்லாம் தலைகீழானது. பூப்பாத்தி தெரியவே தெரியாது. சுவரின் மேல் விளிம்பும் அதற்கு மேலே இருப்பதும்தான் காட்சி. பக்கத்து வீட்டு மாடியில் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. அது காலையும் மாலையும் கண்ணில் குத்தும். வெயில் நேரே முகத்தில் இறங்கும். ஒரு மரத்தை மேலிருந்தோ பக்கத்திலிருந்தோ பார்ப்பதற்கும் அடியிலிருந்து பார்ப்பதற்கும் எத்தனை வித்தியாசம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அடர்ந்த மரம் என்றால் அதுவும் இன்னொரு கூரைதான். இலைக்கு இலை வானம் விட்டுத் தெரிய வேண்டும். விழுகிற பூ முகத்தில் விழுந்தாலும் வலிக்கக் கூடாது. எறும்பு, கம்பளிப்பூச்சி அண்டாத மரமாக வேண்டும், கையால் தட்டிவிட முடியாத இடத்தில் ஏறினால் என்ன செய்வார்? ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்துக் கடைசியில் பன்னீர் மரத்தில் வந்து நின்றோம். அந்தியில் பூத்து விடிகாலையில் உதிர்கிற வெள்ளைப் பூ.

சுவருக்கு மனோரஞ்சிதம். அதன் வாசம் படுத்திருக்கிறவரைத் தானே தேடி வரும். தளத்துக்குப் புல் ஆகாது, கட்டில் சக்கரம் புதையும். கடப்பாக் கல் வெயிலில் கொதித்து அனலை மேலே அனுப்பும். அதனால் சொரசொரப்பான சாம்பல் நிறக் கல். அறைத் தளத்துக்கும் வெளிமண்ணுக்கும் முழங்கால் உயரம் வித்தியாசம் இருந்தது. சார் பென்சிலை எடுத்து முதல் கோடாக அந்தக் கதவை வரைந்தார். பழைய கதவின் அளவே அது, கட்டில் அகலத்துக்குக் கொஞ்சம் கூட.

வரைபடத்தைப் பார்த்த சிவசாமி கதவின் மேல் விரலை வைத்தார். அப்புறம் "பாத்துக்கலாம்ங்க" என்றார்.

மாரப்பன் சார் தலையை ஆட்டிக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கிறவருக்கு இனிமேல் அந்தக் கதவால் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்டுவிட்டேன். சிவசாமி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டாவது இருப்பேன்.

"அதத் தொறந்து அவளுக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா, நானல்லங்களா கொன்னுபோட்டவன் ஆவேன்" என்றார். "இருக்கறதாவது இருக்கட்டும் அம்மணி."

வெறுத்துவிட முடியாத மனிதர் அவர். தன் கையால் மனைவிக்கு உடம்பு துடைத்துவிடுவார். புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்கக் கம்பெனியிலிருந்து ஓடி வருவார். அவ்வளவு ஆசையாக இருக்கிறவர்தான் கோகிலாவை அந்த அறையில் வைத்து அடைத்தார். மூடன் என்று சொல்லி முடித்துவிடலாம். அப்படிச் சொன்னால் எனக்கு ஆறுதலாகவாவது இருந்திருக்கும்.

வண்டியில் திரும்பி வரும்போது சாரிடம் கத்தினேன். நீங்கள் பெரியவர், நீங்கள் அடித்துச் சொன்னால் கேட்பார், கதவு இல்லாமல் அறை இல்லை என்று நீங்கள்தானே ஊருக்கெல்லாம் சொல்கிறீர்கள் என்றேன். "மத்தவங்க பயத்துல நாம எப்படிங்க அம்மணி கைவெக்கறது. கட்டி முடிக்கட்டும், பாத்தா மனசு மாறும். பாத்துக்கலாம்" என்றார். அவர் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் கடைசி.

கோகிலாவிடம் யார் சொல்வது? வேலை தொடங்குவதற்கு முன்தினம் நான் மட்டும் உள்ளே போனேன். கதவு எப்போது திறப்பார்கள் என்று அவரே கேட்டார். "ஊட்டுக்காரர் பாத்துக்கலாமுன்னு சொன்னாருங்க" என்றேன்.

கோகிலாவும் எங்கள் ஊர்ப் பெண்தானே. மெதுவாகச் சிரித்தார். "அப்ப இல்லைங்களா" என்றார்.

வேலையே வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என நினைத்தேன். அவர் ஃபேனைப் பார்த்தபடியே சொன்னார்: "கட்டுங்க அக்கா. எனக்காக ஒண்ணு செய்யறோம்னு அவரு மனசுக்காச்சும் ஆகட்டும். ஒண்ணே ஒண்ணு பண்ணிக் குடுங்க. வெளித்தளத்த இந்த ரூம் தளத்துக்குச் சரிமட்டமா ஒசத்திப்போடுங்க. என்னைக்காச்சும் தொறந்தாங்கன்னா ஒரு பொட்டுகூட குலுங்காமப் போகோணும். அவருகிட்டச் சொல்லாதீங்க. சொன்னா அதுக்கும் பயந்துக்குவாரு."

தளத்தை உயர்த்தப்போகிறோம் என்றபோது சிவசாமி மறுப்பே சொல்லவில்லை. கன்னிமூலை உயர்ந்து இருப்பது வாஸ்துவுக்கு ரொம்ப நல்லது என்று அவரே இரண்டு லோடு மண் கூடுதலாக இறக்கினார். மேஸ்திரி டியூப்பில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைக் கோகிலாவின் கட்டிலடியிலும் மறுமுனையை வெளியேயும் பிடித்து மட்டம் பார்த்தார். மேல் ஜன்னல் வழியாகத்தான் டியூப் உள்ளே வந்தது. கோகிலா தலையைத் திருப்பி அந்த டியூப்பில் தண்ணீர் ஏறி இறங்கி நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் நான் சந்தோஷம் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவிநாசிப் பக்கம் ஒரு தோப்பை மனைக்காக அழித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே கிணற்றோரம் இருந்த நடுத்தர வயதுப் பன்னீர் மரத்தைத் தாய்மண்ணோடு பெயர்த்து, சாக்குச் சுற்றி லாரியில் கொண்டுவந்து நட்டோம். இரண்டு மாதம் இலையெல்லாம் கொட்டிக் குச்சியாக நின்றது. பிறகு துளிர்த்தது. மனோரஞ்சிதம் சுவரைப் பிடித்தது. பக்கத்து வீட்டுக் கம்பிகளை மறைக்க மெல்லிய கம்பிப் பந்தல் போட்டு ரங்கூன் மல்லி ஏற்றினோம். கட்டிலை எங்கே நிறுத்த வேண்டும் என்று கல்லில் லேசாகக் கொத்திக்கூட வைத்திருந்தேன். முடிந்த அன்று அந்த இடத்தில் நானே படுத்துப் பார்த்தேன். இலைகளுக்கு இடையில் துண்டு துண்டாக வானம், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கொடி. அத்தனை வருஷ வேலையில் அப்படியொரு அறையை நாங்கள் செய்ததில்லை. அதற்குப் பிறகும் செய்யவில்லை.

கதவு மட்டும் இல்லை.

சாயங்காலங்களில் சிவசாமி மட்டும் அங்கே போய் உட்காருவார். மேல் ஜன்னலைப் பார்த்துக் குரலை உயர்த்தி உள்ளே இருக்கிறவருக்குச் சொல்வார். குருவி வந்திருக்கிறது, மேகம் மருதமலைப் பக்கம் கறுத்திருக்கிறது, இன்றைக்கு மொட்டு நிறைய விட்டிருக்கிறது என்று. உள்ளேயிருந்து கோகிலா "ஆமாங்களா" என்பார். நான் ஒரு தடவை அந்தப் பேச்சைக் கேட்டேன். இன்னொரு தடவை கேட்கிற தெம்பு எனக்கு இருக்கவில்லை. செடிக்கு மருந்து அடிக்கப் போகும்போதெல்லாம் உதிர்ந்த பூவைப் பொறுக்கிக் கோகிலாவின் தலைமாட்டில் வைத்துவிட்டு வருவேன். "வாசம் மட்டும் உள்ள வந்துபோடுதுங்க அக்கா. அதுக்கு எந்த மூலையும் கெடையாது" என்பார். ஒவ்வொரு தடவையும் கதவைப் பற்றிச் சிவசாமியிடம் கேட்டேன். தை பிறக்கட்டும் என்றார், ஜாதகத்தில் கட்டம் மாறட்டும் என்றார், பாத்துக்கலாம்ங்க என்றார்.

அடுத்த மழைக்காலத்தில் கோகிலாவுக்குப் படுக்கைப் புண் பழுத்துக் காய்ச்சல் ஏறியது. நெஞ்சில் சளி கட்டியது. வீட்டிலேயே வைத்துப் பார்த்தார்கள். ஒரு விடிகாலையில் போன் வந்தது. மாரப்பன் சாரும் நானும் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஒறம்பரை கூடியிருந்தார்கள். ஆனால் எடுக்கிற ஏற்பாடு எதுவும் நடக்கவில்லை. சிவசாமியின் பெரியப்பா மடியில் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கோகிலா இறந்தது சதய நட்சத்திரத்தில். அந்த நட்சத்திரத்தில் போனால் அடைப்பு. அறையை ஆறு மாதம் பூட்டி வைத்து விளக்கு மட்டும் ஏற்ற வேண்டும். உடலை வாசல் வழியாகக் கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோனால் போன உயிர் அந்த வழியே திரும்பி வந்து இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போகுமாம். சுவரை இடித்து அந்த வழியாகத்தான் எடுக்க வேண்டும். அப்புறம் அன்றைக்கே அந்த வழியை அடைத்துவிட வேண்டும்.

"தெக்குச் செவுத்த ஒடைச்சுருங்கப்பா. அங்கதான் பழைய கதவு இருந்த எடம், சுளுவா வந்துரும்" என்றார் பெரியப்பா.

கன்னிமூலையாயிற்றே என்று யாராவது சொல்வார்கள் என்று நான் எல்லார் முகத்தையும் பார்த்தேன். ஒருவரும் சொல்லவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லுவோம். அன்றைக்கு அதை என் கண்ணால் பார்த்தேன்.

பழைய கதவின் மேல்கட்டை அப்படியே உள்ளே இருந்தது. நடுவில் அடைத்த செங்கல்தான். மேஸ்திரி கடப்பாரையால் நெம்ப நெம்பப் பொலபொலவென்று வந்துவிட்டது. ஒரு காபி குடிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது. சார் வரைந்த அகலத்துக்கே திறந்தது. அறைக்குள் வெளிச்சம் வந்து விழுந்தது, கோகிலாவின் கால் பக்கத்திலிருந்து முகம் வரைக்கும்.

ஆண்கள் விரிப்போடு தூக்கக் குனிந்தார்கள். "தூக்காதீங்க" என்று நான் கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இறந்தவருக்கு என்ன வலி என்று நினைத்திருப்பார்கள். "கட்டிலோட தள்ளுங்க, சக்கரம் இருக்குது" என்றேன்.

தள்ளினார்கள். சக்கரம் அறைத் தளத்திலிருந்து வெளிக்கல்லுக்கு ஏறியது தெரியவே இல்லை. துளிகூடக் குலுங்கவில்லை. சடங்குக்கு இடம் வேண்டுமென்று யாரோ தளத்தைக் கூட்டி, விடிகாலையில் உதிர்ந்த பூவையெல்லாம் மூலையில் ஒதுக்கியிருந்தார்கள். நான் கொத்தி வைத்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிக் கட்டில் நின்றது. கோகிலாவின் முகம் மேலே பார்த்தபடி இருந்தது. இமை மூடியே இருக்க அதன் மேல் காசு வைத்திருந்தார்கள். பாடை கட்டி முடிக்கும் வரைக்கும் அந்த மரத்தடியில் இருந்தார். தெற்கு கேட் வழியாக எடுத்துக்கொண்டு போனார்கள்.

பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை என்பதால் நான் வீட்டிலேயே இருந்தேன். மேஸ்திரி அதே செங்கற்களைத் தட்டிச் சுத்தம் செய்து அடுக்கி, சாந்து குழைத்துவிட்டுக் காத்திருந்தார். ஆண்கள் திரும்பி வந்து குளித்ததும் சிவசாமி ஈர வேட்டியோடு அந்தத் திறப்புக்கு வந்தார். உள்ளேயும் வெளியேயும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கண்ணில் அப்போதுதான் பட்டிருக்க வேண்டும்.

"ஒரே மட்டமா இருக்குதுங்களே அம்மணி" என்றார். "நான் வாஸ்துக்கு ஒசத்தறீங்கன்னுதானுங்க நெனச்சிருந்தேன்."

"கோகிலாதானுங்க ஒசத்தச் சொன்னாங்க" என்றேன். "கட்டில் குலுங்காம வாரதுக்கு."

சிவசாமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அறைத் தளமும் வெளிக்கல்லும் சேர்கிற இடத்தில் உள்ளங்கையை வைத்து இப்படியும் அப்படியுமாகத் தடவினார். தேடினாலும் அங்கே ஒரு மேடு பள்ளம் கிடையாது. அந்தி சாய்வதற்குள் அடைக்க வேண்டும் என்று பெரியப்பா உள்ளேயிருந்து இரண்டு தடவை குரல் கொடுத்துவிட்டார். மேஸ்திரி முதல் செங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். யாருக்கும் சிவசாமியைத் தொடத் தைரியம் வரவில்லை.

மாரப்பன் சார்தான் பக்கத்தில் போய் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்தார்.

"கொஞ்சம் நவுந்துக்குங்க" என்றார். "செவுரு வெக்கோணுமாம்."